ஞொ

பேனர் அவளுக்கு முன்பே வந்துவிட்டது.
"இனி நம் பள்ளியில்
வெளிநாட்டு ஆங்கில ஆசிரியை!"
படத்தில் பொன்னிற முடியோடு யாரோ ஒருத்தி
பேப்பர் மில்ஸ் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் வெயிலில்
நைரோபியிலிருந்து தோஹா வழியாக
இரண்டு பெட்டியோடு வந்து நின்றாள் ஞொகாபி.
கரஸ்பாண்டென்ட் ஒருமுறை அவளைப் பார்த்தார்.
ஒருமுறை பேனரைப் பார்த்தார்.
வாட்ச்மேன் யாரும் சொல்லாமலே
ஏணி எடுக்கப் போனார்.

ஆபீஸ் எழுத்தர் நான்.
பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும்.
அவள் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தை
ஒன்றோடொன்று முட்டவிட்டுக் காட்டிய ஒலி
நமக்கு ஒற்றை எழுத்து.
ஒன்றாம் வகுப்புச் சுவரில்
சொவுக்கும் டொவுக்கும் நடுவே
எந்தச் சொல்லும் கூப்பிடாமல்
சும்மா உட்கார்ந்திருந்த ஞொ.
அன்றைக்கு அதற்கு வேலை கிடைத்தது.

வீடுதான் கிடைக்கவில்லை.
செம்பியத்தில் ஒரு 'டு லெட்' பலகை
நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே போனது.
அகரத்தில் "சைவமா?" என்றார்கள்.
சைவம்தான் என்று நான் பொய் சொன்னேன்.
அப்புறமும் இல்லை என்றார்கள்.
ஏழாவது வீடு
இஸ்திரிக் கடை ஜமீலா பீவியுடையது.
"தண்ணி லாரி வியாழக்கிழமை வரும்.
ரெண்டு குடம் எக்ஸ்ட்ராவா வாங்கி வைக்கச் சொல்லு."
வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு அப்பாக்கள் வந்தார்கள்:
"வெள்ளைக்காரி இல்லேன்னா
ஃபீஸைக் குறைக்கணும் இல்லையா?"
ரசீது புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.

ஆறாம் வகுப்பு 'பி' பவித்ரன்
கோகோவில் முட்டியைத் தேய்த்துக்கொண்ட அன்று
"சாரி, சாரி" என்று ஓடினாள்.
"நீங்க தள்ளிவிடலையே மிஸ்.
நீங்க ஏன் சாரி?"

அவள் ஊரில்
யார் தள்ளியிருந்தாலும்
அடிபட்டவரிடம் சொல்ல ஒரு சொல் உண்டாம்.
போலே.
ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு ஆள் இல்லை.
சாரியையே கூடுதல் பொறுப்பில் அனுப்புகிறார்கள்.
பவித்ரன் ரத்தத்தை மறந்து யோசித்தான்.
"எது போல, மிஸ்?"

ஊர் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
அக்டோபரில் ஒருநாள்
ஸ்டாஃப் பாத்ரூம் குழாய்
வெகுநேரம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.
ஞாயிறுகளில் சப்பாத்தி சுடுவாள்.
அங்கேயும் அதற்குச் சப்பாத்தி என்றே பெயர்,
ஆனால் தடிமனாக, எண்ணெய் மினுங்க, அடுக்கு அடுக்காக.
"இது சப்பாத்தியும் இல்ல, பரோட்டாவும் இல்ல"
என்று சொல்லிக்கொண்டே
ஜமீலா பீவி நாலாவதை எடுப்பார்.

ஐப்பசி மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால்
என் ஸ்கூட்டி வழுக்கியது.
நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்,
நடுவே சேற்றில்
திருத்தாத நாற்பது காம்போசிஷன் நோட்டு.
எனக்கு ஒரு செருப்பு மட்டும்தான் போனது.
அவளுக்கு முழங்கை கிழிந்து
ரத்தம் மழையோடு இறங்கியது.
எழுந்து
என்னைப் பார்த்து
"அச்சச்சோ" என்றாள்.

ஓட்டியது நான்.
பள்ளத்தைப் பார்க்காதது நான்.
என் வாயில் வந்தது சாரி.
அது அன்றைக்கு
அதன் சொந்த வேலையைத்தான் பார்த்தது.

நோட்டுகளை ஜமீலா பீவி
ஒவ்வொரு பக்கமாக இஸ்திரி போட்டார்.
கரி அடுப்புச் சூட்டில்
நாற்பது 'என் விடுமுறை நாள்' ஆவி விட்டன.

மறுநாள் பதிவேட்டில்
ஞொகாபிக்கு நேரே 'ம.வி.' என்று எழுதினேன்.
எழுத்தைத் தேடிக் கை நிற்கவில்லை.
ஜன்னல் கம்பிக்கு வெளியே பவித்ரன்.
"மிஸ்ஸுக்கு அடிபட்டுடுச்சாமே.
போலேன்னு சொல்லிடுங்கக்கா."

எது போல என்று
நான் கேட்கவில்லை.